செட்டிநாட்டில் இருந்து ஒரு மனித உரிமை ஆவணப்படம்: மனு எண்ணில் தொடங்கித் திரையிடல் வரை முழு வழிகாட்டி

செட்டிநாட்டுக்குக் கேமராவோடு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இடங்களில்தான் நிற்கிறார்கள். கானாடுகாத்தான் வீட்டு முகப்பு, ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, பர்மாத் தேக்குத் தூண், முற்றத்து வெயில். 1940-களில் மெய்யப்பச் செட்டியார் தேவகோட்டை ரஸ்தாவில் ஏவிஎம் ஸ்டுடியோவை நடத்திய மண் இது, அதனால் ஷூட்டிங் என்றால் ஊர்க்காரர்கள் யாரும் மிரளமாட்டார்கள். ஆனால் அதே கேமராவை அந்த வீட்டுக்குச் செங்கல் அறுத்தவர் பக்கம், தேர் வடத்தைத் தொட வழக்குப் போட்டவர் பக்கம், காவல் நிலையத்துக்குப் போய்த் திரும்பாத பையனின் அம்மா பக்கம் திருப்பினால் நிலைமை வேறு. அப்படித் திருப்ப நினைக்கிற காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல், பள்ளத்தூர் பக்கத்து இளைஞர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மீதி எல்லாம் அதில் இருந்துதான் வரும். ஜனநாயக நாட்டில் உரிமை மீறப்படுவது பெரும்பாலும் சட்டம் இல்லாததால் நடப்பதில்லை. சட்டம் இருக்கிறது, ஆணையம் இருக்கிறது, திங்கட்கிழமை காலையில் சிவகங்கை கலெக்டர் ஆபீசில் மனு வாங்க வரிசையாக நாற்காலியும் போட்டிருக்கிறார்கள். வாங்கிய அந்த மனு அப்புறம் எங்கே போனது, யார் மேசையில் எத்தனை மாதம் கிடந்தது, அதற்குள் மனு கொடுத்தவருக்கு என்ன ஆனது என்பதுதான் உங்கள் படம். அழுகிற முகத்தைக் காட்டுகிற படங்கள் நிறைய வந்துவிட்டன. மனுவின் பின்னாலேயே நடந்துபோகிற படங்கள்தான் குறைவு.

ஒரு உரிமை, ஒரு ஊர், ஒரு மனு

"இந்தியாவில் மனித உரிமை" என்று எடுக்க ஆரம்பித்தால் இரண்டு வருடம் கழித்தும் எடுத்துக்கொண்டே இருப்பீர்கள். ஒரு உரிமையைப் பிடியுங்கள், அதற்கு அரசியல் சாசனத்தில் எண் இருக்கிறதா பாருங்கள், அந்த எண் உங்கள் ஊரில் எந்தக் கதவைத் தட்டுகிறது என்று தேடுங்கள்.

முன்பணம் வாங்கியதற்காகக் குடும்பத்தோடு செங்கல் சூளையிலோ கரிமூட்டத்திலோ கிடப்பவர்கள் என்றால் அது 23-வது பிரிவு. அதற்கு 1976-ல் வந்த கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் இருக்கிறது. மீட்கப்பட்டவருக்குக் கோட்டாட்சியர் கொடுக்கிற விடுதலைச் சான்றிதழ்தான் அவருடைய புது வாழ்க்கைக்கான சாவி. 2016-ல் வகுத்த மத்தியத் திட்டத்தில் மறுவாழ்வுத் தொகை ஆண்களுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் சிறாருக்கும் 2 லட்சம், கடத்தல், பாலியல் சுரண்டல் போன்ற கொடுமைகள் என்றால் 3 லட்சம். அந்தப் பணம் கைக்கு வந்ததா, வழியில் எந்தக் கடிதத்துக்காகக் காத்திருக்கிறது என்ற ஒரு கேள்வியே அரை மணி நேரப் படத்தைத் தாங்கும்.

தீண்டாமை என்றால் 17-வது பிரிவும் 1989-ன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும். கண்டதேவி சொர்ணமூர்த்தீஸ்வரர் கோயிலின் ஆனித் தேர் நம் கண் முன்னால் இருக்கிற உதாரணம். எல்லாச் சாதியாரும் சமமாக வடம் பிடிக்க வேண்டும் என்ற கோரிக்கை 1990-களின் கடைசியில் இருந்து நீதிமன்றத்துக்கும் வீதிக்கும் அலைந்தது. இடையில் பல வருடம் தேரே ஓடவில்லை, 2024 ஜூனில் பெரும் போலீஸ் பாதுகாப்போடு ஓடியது. அந்த ஒரு நாளை எடுக்க எல்லா டிவியும் வந்தன. நீங்கள் எடுக்க வேண்டியது ஓடாத வருடங்களை.

உயிர் வாழும் உரிமை, 21-வது பிரிவு என்றால் தூரம் போக வேண்டாம். 2025 ஜூனில் நம் மாவட்டத்து மடப்புரத்தில் கோயில் காவலாளியாக இருந்த இளைஞர் போலீஸ் விசாரணையில் இறந்தார். அவரை அடிப்பதை ஒருவர் மறைவாக நின்று போனில் பதிவு செய்த சில நொடிக் காட்சி வழக்கின் போக்கையே மாற்றியது, விசாரணை சிபிஐ கைக்குப் போனது. எடுத்தவரோ தன் உயிருக்குப் பாதுகாப்புக் கேட்க வேண்டி வந்தது. இந்தக் கடைசி வரியை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கேமராவைத் தொடும் முன் பத்து ரூபாய் வில்லை

முதல் செலவு லென்ஸ் கிடையாது, தகவல் உரிமை மனுவில் ஒட்டுகிற பத்து ரூபாய் கோர்ட் வில்லைதான். 2005-ன் சட்டப்படி 30 நாளில் பதில் வர வேண்டும், உயிர் அல்லது சுதந்திரம் பற்றியது என்றால் 48 மணி நேரம். வராவிட்டால் முதல் மேல்முறையீடு, அதற்கும் பதில் இல்லையென்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். இந்தக் கால அட்டவணையை வைத்துத்தான் ஷூட்டிங் தேதியையே போட வேண்டும் என்பதால், மனுவை முதலில் அனுப்பிவிட்டு மற்ற வேலையை ஆரம்பியுங்கள்.

எப்படிக் கேட்கிறீர்கள் என்பதில் எல்லாம் இருக்கிறது. "ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை" என்று கேட்டால் அது கேள்வி, தகவல் இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆவணத்தைக் கேளுங்கள். வன்கொடுமைத் தடுப்பு விதிகள்படி மாவட்ட விழிக்கண், கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும், ஆகவே கடந்த ஐந்து வருடக் கூட்டங்களின் தேதி, வருகைப் பதிவு, தீர்மான நகல் வேண்டும் என்று கேளுங்கள். இந்தத் தேதியில் இந்த எண்ணில் வாங்கிய மனு மீது எழுதப்பட்ட அலுவலகக் குறிப்புகளின் நகல் வேண்டும் என்று கேளுங்கள். பெயர் விவரம் கேட்டால் தனிநபர் தகவல் என்று மறுப்பார்கள், எண்ணிக்கையும் தேதியும் கேட்டால் மறுக்க வழி குறைவு. வராத பதிலும் உங்களுக்கு ஆதாரம்தான், அதனால் பதிவுத் தபால் ரசீது, ஒப்புகை அட்டை எதையும் தூக்கிப்போடாதீர்கள், திரையில் அவை பேசும்.

வேறு சில கதவுகளும் உண்டு. முதல் தகவல் அறிக்கையின் நகலைப் புகார் கொடுத்தவர் இலவசமாகப் பெறலாம். வழக்கு எந்த நிலையில் இருக்கிறது, எத்தனை வாய்தா ஆனது என்பதை நீதிமன்றங்களின் இணையதளத்தில் வழக்கு எண்ணைப் போட்டால் பார்க்கலாம். காவல் நிலையத்தில் நடந்தது என்றால் தாமதிக்கவே கூடாது. எல்லாக் காவல் நிலையங்களிலும் சிசிடிவி வேண்டும், பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், முடியாத இடத்தில் குறைந்தது ஒரு வருடமாவது இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் சொல்லிவிட்டது. குடும்பம் அந்தப் பதிவைக் கேட்டு உடனே எழுத்தில் மனு கொடுத்திருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் அன்றே ஒரு வக்கீலிடம் அழைத்துப் போங்கள், படம் அப்புறம். மனித உரிமை ஆணையமும் சம்பவம் நடந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டால் விசாரிக்க முடியாது, அதையும் அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

ஊருக்குள் போவது

யார் வண்டியில் வந்தீர்கள், முதலில் எந்தத் தெருவில் இறங்கினீர்கள், எந்த வீட்டில் தண்ணீர் குடித்தீர்கள் என்பதை ஊர் உங்களுக்கு முன்பே பேசி முடித்திருக்கும். கானாடுகாத்தான் பக்கம் பெரிய வீட்டு ஹோட்டலில் தங்கி, அங்கே இருந்து கார் எடுத்துக்கொண்டு சூளைக்குப் போனால் நீங்கள் முதலாளியின் விருந்தாளி. ஊர்ப் பெரியவரை முதலில் பார்த்து வணக்கம் சொல்லிவிட்டுக் கண்மாய்க் கரைத் தெருவுக்குப் போனால், அங்கே உங்களிடம் யாரும் உண்மையைப் பேசமாட்டார்கள், அது அவர்களின் தப்பும் இல்லை. பஸ்ஸில் போங்கள். பாதிக்கப்பட்டவர்களின் தெருவுக்கே நேராகப் போங்கள். அக்கா, அண்ணே, ஆத்தா என்று அவர்கள் தெருவில் எப்படிக் கூப்பிடுகிறார்களோ அப்படிக் கூப்பிடுங்கள். கொடுக்கிற டீயைக் குடியுங்கள், வேண்டாம் என்று மறுக்காதீர்கள், ஏனென்றால் அந்தத் தெருவில் டீயை மறுத்தவர்களுக்கு நீண்ட வரலாறு இருக்கிறது.

உங்கள் குழுவில் யார் யார் என்பதும் கேள்வி. எல்லாரும் ஆண்கள், எல்லாரும் ஒரே சாதி என்றால் பாதிக் கதை உங்கள் காதுக்கே வராது. பேட்டி எடுப்பவராகவோ ஒளிப்பதிவாளராகவோ அந்தச் சமூகத்தில் இருந்து ஒருவர், கட்டாயமாக ஒரு பெண், இருக்கட்டும். அவர்களுக்குச் சம்பளம் கொடுங்கள், படத்தில் பெயரும் போடுங்கள்.

ஆரம்பத்தில் சில முறை கேமரா இல்லாமலே போய் வாருங்கள். பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டத்து வேங்கைவயலில் 2022 டிசம்பரில் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்தது தெரியவந்த பிறகு எத்தனையோ மைக்குகள் அந்த மக்களின் முன்னால் நீண்டன. சிபிசிஐடி 2025 ஜனவரியில் குற்றப்பத்திரிகை கொடுத்தபோது பாதிக்கப்பட்ட தரப்பைச் சேர்ந்தவர்களின் பெயர்களே அதில் இருந்தன, மக்கள் அதை ஏற்க மறுத்தார்கள். இப்படிப்பட்ட ஊரில் கேமராவைப் பார்த்ததும் ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அவருக்கு அதற்கான காரணம் நிறைய இருக்கிறது.

சம்மதமும் பாதுகாப்பும்

இந்த வழிகாட்டியில் எதைத் தாண்டிப் போனாலும் இதைத் தாண்டாதீர்கள். படம் முடிந்ததும் நீங்கள் சென்னைக்கோ மதுரைக்கோ போய்விடுவீர்கள். பேசினவர் மறுநாளும் அதே ரேஷன் கடை வரிசையில், அதே ஆட்களுக்கு நடுவில்தான் நிற்க வேண்டும்.

ஆங்கிலத்தில் அடித்த ஒப்பந்தத்தில் கைநாட்டு வாங்குவது சம்மதம் ஆகாது. இந்தப் படம் எங்கெல்லாம் போகும், யூடியூபில் போட்டால் உங்கள் முதலாளியின் போனிலும் ஓடும், போட்ட பிறகு நான் எடுத்தாலும் வேறு யாராவது வைத்திருப்பார்கள் என்பதை எல்லாம் அவர் பேசுகிற தமிழில் சொல்லி, அவர் புரிந்துகொண்டதை அவரையே திருப்பிச் சொல்ல வைத்து, அதைப் பதிவு செய்யுங்கள். ஒரு முறை வாங்கினால் போதாது. பேட்டிக்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை, எடிட் முடிந்து அவரிடம் போட்டுக் காட்டும்போது இன்னொரு தடவை. இந்தத் தேதி வரை எப்போது வேண்டாம் என்றாலும் எடுத்துவிடுவேன் என்று ஒரு தேதியைச் சொல்லுங்கள், வேண்டாம் என்றால் மறுபேச்சு இல்லாமல் எடுத்துவிடுங்கள், அது உங்கள் படத்தின் ஆகச் சிறந்த காட்சியாக இருந்தாலும். பேசுவதற்குப் பணம் கொடுக்காதீர்கள், நாளை கோர்ட்டில் அவர் சொன்னதற்கே மதிப்பில்லாமல் போகும். ஆனால் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தார் என்றால் அந்த நாள் கூலியும் பஸ் காசும் கொடுப்பது நியாயம், அதை எழுதி வையுங்கள்.

முகத்தை மங்கலாக்கினால் அடையாளம் மறைந்துவிடும் என்று நினைக்கிறவர்கள் நம் பக்கத்து ஊர்களில் இருந்ததில்லை போலிருக்கிறது. நடையை வைத்தே கண்டுபிடிப்பார்கள். சேலை, கையில் குத்திய பச்சை, பின்னால் தெரிகிற ஊராட்சித் தண்ணீர்த் தொட்டி, அதில் எழுதின ஊர்ப் பெயர், குலதெய்வப் படம், பக்கத்து வீட்டு நாய் குரைப்பதுகூடக் காட்டிக்கொடுக்கும். ஆகவே மறைக்க வேண்டியவரை மறைத்தே எடுங்கள். வேறு ஊரில், வேறு அறையில், வேறு சேலையில், கையையோ நிழலையோ மட்டும். எடுத்துவிட்டு அப்புறம் மறைக்கலாம் என்றால் மறைக்காத மூலப்பதிவு எங்கோ ஒரு ஹார்ட் டிஸ்கில் இருந்துகொண்டே இருக்கும். குரலைக் கம்ப்யூட்டரில் தடிமனாக்குவதை நம்பாதீர்கள், அவர் சொன்னதை வார்த்தை மாறாமல் வேறொருவரை வைத்துப் பேசவைத்து, அப்படிச் செய்திருப்பதைத் திரையில் சொல்லிவிடுங்கள்.

சட்டமும் சில இடங்களில் கண்டிப்பாக நிற்கிறது. பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-வது பிரிவில் குற்றம், குழந்தை என்றால் போக்சோ சட்டமும் சேரும். பெயர் சொல்லாமல் தெருவையும் பள்ளியையும் சொன்னால்கூட அடையாளம்தான். ஆட்டுக்கிடையிலோ சூளையிலோ வேலைக்கு விடப்பட்ட சிறுவனைப் பார்த்தால் முதலில் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குப் போன் செய்யுங்கள். அவனைப் பேட்டி எடுப்பதா வேண்டாமா என்ற கேள்வியே அதற்குப் பிறகுதான்.

கருவி

இதில் அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. நல்ல போன் ஒன்று, சட்டையில் குத்துகிற மைக் இரண்டு, டிரைபாட், பவர் பேங்க், கூடுதல் மெமரி கார்டு. காசு மிச்சம் இருந்தால் மைக்கில் போடுங்கள், கேமராவில் வேண்டாம். சித்திரை வெயிலில் போன் சூடாகி நின்றுவிடும், அதனால் காலை எட்டு மணிக்குள் வெளிக்காட்சிகளை முடித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு இடத்திலும் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் சும்மா ஒலியைப் பதிவு செய்யுங்கள், எடிட்டிங்கில் கைகொடுக்கும்.

பேட்டி

"உங்களுக்கு எப்படி இருந்தது அம்மா" என்று கேட்காதீர்கள். அன்றைக்குக் காலையில் எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், அப்புறம் யார் வந்தார்கள், அவர் என்ன சொன்னார், நீங்கள் எங்கே நின்றீர்கள் என்று வரிசையாகக் கேளுங்கள். நினைவு வரிசையில்தான் வரும், வருத்தமும் அதோடு தானாக வரும். கோர்ட்டில், போலீசில், பத்திரிகைக்காரர்களிடம் என்று ஏற்கெனவே பலமுறை சொன்னவர் என்றால் சம்பவத்தைத் திரும்பச் சொல்ல வைக்கவே வேண்டாம், அது ஆவணத்தில் இருக்கிறது. அதற்குப் பிறகான நாட்களைக் கேளுங்கள். கலெக்டர் ஆபீசுக்குப் போக எந்த பஸ், எத்தனை மணிக்குத் திரும்பினீர்கள், மனு எழுத எவ்வளவு கொடுத்தீர்கள், ரசீதை எங்கே வைத்திருக்கிறீர்கள்? அவர் அரிசிப் பானைக்குப் பின்னால் இருந்து ஒரு மஞ்சள் பையை எடுத்து, உள்ளே இருக்கிற காகிதங்களை ஒவ்வொன்றாகப் பாயில் பரப்பினால் கேமராவை நிறுத்தாதீர்கள், குறுக்கே பேசாதீர்கள், அவர் முடிக்கிற வரை ஓடட்டும்.

அழ ஆரம்பித்தால் நிறுத்துங்கள். தொடரலாமா என்பதை அவரே சொல்லட்டும்.

அதிகாரியும் எதிர்த்தரப்பும்

குற்றம் சாட்டப்படுகிறவரிடம் கேட்காமல் படம் எடுத்தால் அது துண்டுப்பிரசுரம். கேள்விகளை எழுத்தில், தேதி போட்டு, பதிலுக்கு நியாயமான அவகாசம் கொடுத்து அனுப்புங்கள். வந்த பதிலை அதன் பொருள் கெடாமல் படத்தில் வையுங்கள். வராவிட்டால் எந்தத் தேதியில் கேட்டோம், எந்தத் தேதி வரை காத்திருந்தோம் என்பதை மட்டும் போடுங்கள், அடைமொழி எதுவும் வேண்டாம். அரசு அலுவலகத்துக்குள் அனுமதி இல்லாமல் படம் எடுத்து வம்பில் மாட்டுவதைவிட, வாசலில் மனுவோடு நிற்கிறவரின் பக்கத்தில் நின்று அவர் காத்திருப்பதை எடுங்கள். கிராம சபை நல்ல இடம். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு முறை கூட வேண்டும். யார் நாற்காலியில் உட்காருகிறார்கள், யார் தரையில், யார் வெளியே மரத்தடியில் நிற்கிறார்கள் என்பதைப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

கீழ்மட்ட ஊழியர்களை வில்லனாக்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. கிராம நிர்வாக அலுவலரும் ஏட்டும் பல நேரம் மேலே இருந்து வருகிற வாய்மொழி உத்தரவுக்கும் கீழே ஊர்க்கட்டுக்கும் நடுவே நிற்கிறவர்கள். ஓய்வு பெற்ற பிறகு அவர்களில் சிலர் மனம் திறந்து பேசுவார்கள், தேடிப் போங்கள்.

மூலப்பதிவு

நீங்கள் எடுத்தது நாளை ஆதாரமாகலாம். அன்றன்று இரவே இரண்டு டிஸ்கில் நகல் எடுத்து, ஒன்றை வேறு ஊரில் இருக்கிற நம்பகமானவரிடம் வையுங்கள். மூலக் கோப்பின் பெயரைக்கூட மாற்றாதீர்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் தரமும் போகும், எப்போது எங்கே எடுத்தது என்ற விவரமும் போய்விடும். பழைய சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய சாட்சிய அதிநியத்தின் 63-வது பிரிவுப்படி மின்னணு ஆதாரத்தோடு ஒரு சான்றிதழ் தர வேண்டும், அதில் கோப்பின் ஹாஷ் மதிப்பும் (கோப்பில் இருந்து கணக்கிடுகிற, கைரேகை போன்ற குறியீடு; கோப்பில் சிறிது மாற்றினாலும் அதுவும் மாறிவிடும்) கேட்கப்படுகிறது. எடுத்த நாளிலேயே அதைக் கணக்கிட்டு நோட்டில் எழுதி வைத்தால் பின்னால் யாரும் வெட்டி ஒட்டியது என்று சொல்ல முடியாது. போனுக்கு விரல்ரேகைப் பூட்டு வேண்டாம், நீளமான கடவு எண் போடுங்கள்.

எடிட்டிங், அப்புறம் உலகம்

எல்லாப் பேட்டியையும் உட்கார்ந்து எழுத்தாக்குங்கள். அலுப்பான வேலைதான், வேறு வழி இல்லை. அதைத் தாளில் வெட்டி அடுக்கிப் பார்த்த பிறகே கம்ப்யூட்டரில் உட்காருங்கள். மனு கொடுத்த தேதியில் படம் ஆரம்பிக்கட்டும், தேதிகள் திரையில் நகரட்டும். சோக வயலின் வேண்டவே வேண்டாம், அந்த அம்மாவின் குரலுக்கு மேல் எந்த வாத்தியத்துக்கும் அங்கே வேலை இல்லை. 2018 மே மாதம் நம் மாவட்டத்துக் கச்சநத்தத்தில் தலித்துகள் மூன்று பேர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள், 2022 ஆகஸ்டில் சிறப்பு நீதிமன்றம் 27 பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. இந்த இரண்டு தேதிக்கும் நடுவில் நாலு வருடம் இருக்கிறது, சாட்சிகள் அந்த நாலு வருடத்தையும் எப்படி வாழ்ந்தார்கள் என்று காட்ட முடிந்தால் அதைவிடப் பெரிய பின்னணி இசை கிடையாது.

மற்ற ஜனநாயகங்களோடு ஒப்பிட நினைத்தால் ஒரே நரம்பைப் பிடித்து ஒப்பிடுங்கள். பிரிட்டனில் 2018-ல் வெளிவந்த விண்ட்ரஷ் விவகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1948-ல் இருந்து கரீபியன் தீவுகளில் இருந்து சட்டப்படி வந்து, பல பத்தாண்டுகள் வேலை பார்த்து வரி கட்டியவர்களிடம் திடீரென்று காகிதம் கேட்டார்கள். அவர்கள் வந்திறங்கியதைக் காட்டும் அட்டைகளை உள்துறையே 2010-ல் அழித்திருந்தது. வேலை போனது, சிகிச்சை மறுக்கப்பட்டது, சிலர் நாடு கடத்தப்பட்டார்கள். இதை நம் பக்கத்து இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் பிறந்து வளர்ந்து கல்லூரி முடித்த பிள்ளையின் நிலையோடு வைத்துப் பாருங்கள். 1987 ஜூலை 1 முதல் இந்த மண்ணில் பிறந்தது மட்டும் குடியுரிமைக்குப் போதாது, பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். இரண்டு நாட்டிலும் தேர்தல் நடக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது, இரண்டு இடத்திலும் காகிதம் இல்லாதவர் ஆளே இல்லை என்று ஆகிறார். முகாமுக்குள் கேமரா கொண்டுபோக முன் அனுமதி வாங்குங்கள், இல்லையென்றால் தொல்லை உங்களுக்கு வராது, அங்கே இருப்பவர்களுக்குத்தான் வரும்.

வெளியிடும் முன்

முழுப் படத்தையும் வன்கொடுமை வழக்குகளில் அனுபவம் உள்ள ஒரு வக்கீலுக்குப் போட்டுக் காட்டுங்கள். வழக்கு நடந்துகொண்டிருந்தால் தீர்ப்புச் சொல்கிற வாசகம் ஒன்றுகூட இருக்கக் கூடாது. "கொலை செய்தவர்" இல்லை, "குற்றம் சாட்டப்பட்டவர்". ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஓரத்தில் அதற்கான ஆவணத்தின் எண்ணை எழுதிக்கொண்டே வாருங்கள், எண் எழுத முடியாத வாக்கியத்தை வெட்டுங்கள்.

பொதுவில் திரையிட 1952-ன் சினிமாட்டோகிராஃப் சட்டப்படி தணிக்கைச் சான்றிதழ் வேண்டும், ஆவணப்படத்துக்கும்தான். அது இல்லாமல் மண்டபத்தில் போட்டால் நிறுத்தச் சொல்ல அதுவே போதுமான காரணம். திரைப்பட விழா என்றால் விழா நடத்துகிறவர்கள் மத்திய அமைச்சகத்தில் விலக்கு வாங்குவார்கள், அதுவும் நிச்சயம் இல்லை, 2017-ல் திருவனந்தபுரம் ஆவணப்பட விழாவில் மூன்று படங்களுக்கு விலக்கு மறுக்கப்பட்டது. இணையத்தில் போடத் தணிக்கைச் சான்றிதழ் தேவையில்லை, ஆனால் 2021-ன் தகவல் தொழில்நுட்ப விதிகள் பொருந்தும், புகார் வந்தால் முடக்கவும் செய்வார்கள். அதனால் ஒரே கணக்கை நம்பாமல் வேறு இடத்திலும் ஏற்றி வையுங்கள்.

முதல் திரையிடல் படத்தில் இருப்பவர்களுக்கு மட்டும், அவர்கள் சொல்கிற இடத்தில். அவர்கள் மாற்றச் சொன்னதை மாற்றிய பிறகு வெளியிடும் தேதியை அவர்களோடு சேர்ந்தே முடிவு செய்யுங்கள். ஊர்த் திருவிழா, வழக்கு வாய்தா, உள்ளாட்சித் தேர்தல் இவற்றின் பக்கத்தில் வெளியிட வேண்டாம். வெளியான வாரத்தில் தினமும் போன் செய்து, யாராவது மிரட்டினார்களா, வேலைக்கு வராதே என்றார்களா என்று கேளுங்கள். மிரட்டல் வந்தால் கொடுக்க வேண்டிய புகாரை முன்கூட்டியே வக்கீலிடம் தயார் செய்து வைத்திருங்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15-ஏ பிரிவு சாட்சிகளுக்குப் பாதுகாப்புக் கேட்கும் உரிமையைத் தருகிறது, புகாரில் அந்தப் பிரிவைக் குறிப்பிட்டே எழுதுங்கள். படத்தின் ஒரு நகலோடு, நீங்கள் தகவல் உரிமையில் வாங்கிய ஆவணங்கள் அத்தனையின் நகலையும் அந்தக் குடும்பத்திடமும் அவர்கள் வக்கீலிடமும் கொடுத்துவிடுங்கள். அடுத்த மனுவுக்கு அவை வேண்டும்.